வினிகரும் ஒரு நிமிடமும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. செவிலியர்கள் பயிற்சி பெற்று ஊர்களுக்கே போனார்கள். கருவி? 4 சதவீத அசிட்டிக் அமிலம். ஏறக்குறைய சமையலறை வினிகர்தான். தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். தகுந்தவர்களுக்கு அப்போதே உறைய வைக்கும் சிகிச்சை.

அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். கூச்சம் மிகுந்த விஷயத்தில் இது சாதாரண எண்ணிக்கை அல்ல. இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' வெளியிட்டது.

இந்தப் பரிசோதனையைத் தேனி, தஞ்சாவூரில் முன்னோட்டம் பார்த்த தமிழக அரசு, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது.

2024 ஜனவரியில் அரசுத் திட்டம் ஒன்றின் வழியே பணியிடங்களுக்கே மருத்துவம் வந்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும்தான் முதலிடம். அவற்றுக்குக் கையை நீட்டினால் போதும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் எட்ட வேண்டுமானால் மறைவான அறை, பெண் செவிலியர், சம்பளம் பிடிக்காத அரைமணி நேரம் மூன்றும் வேண்டும்.