காடு மழையைத் தருமா? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

1990களின் தொடக்கத்தில், பத்திரிகைத் துறைக்கு நான் புதியவனாக இருந்த காலத்தில், மலையகத்தின் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். காடுகள் அழிக்கப்பட்டதால் மழை குறைந்தது, மழை குறைந்ததால் ஊற்றுகள் வற்றின என்பது அதன் சாரம். ஒரு வாரத்தில், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நமது மழை கடலிலிருந்து பருவக்காற்றோடு வருகிறது. மரத்தைப் பார்த்துவிட்டா அது இறங்குகிறது? ஆதாரம் இருந்தால் எழுதவும் என்று கேட்டிருந்தார். கலைப்பட்டதாரியான என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. பாடசாலையில் படித்ததையும் மேடைகளில் கேட்டதையுமே எழுதியிருந்தேன். கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த வெட்கந்தான் இந்தக் கேள்வியின் பின்னால் என்னைப் பல ஆண்டுகள் அலையவைத்தது.

அலைந்து போனால், அது இங்கிலாந்தில் ஒரு சூரியகாந்திச் செடியில் போய் நிற்கிறது. இலண்டனுக்கு அருகே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். மூன்றரை அடி உயரமான சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் தராசில் நிறுத்தார். பகல் 12 மணி நேரத்தில் அந்தச் செடி சராசரியாக 20 அவுன்ஸ் நீரைக் காற்றில் விட்டது. பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் மனிதன் வெளிவிடுவதைப் போல் 17 மடங்கு என்பது அவரது கணக்கு. இவற்றையெல்லாம் 1727இல் நூலாக வெளியிட்டார். வேரால் குடித்ததை இலையால் வானுக்குத் திருப்பிக் கொடுக்கிறது செடி என்பதை எண்களால் காட்டினார் அவர்.

ஒரு செடி இவ்வளவு விட்டால் ஒரு காடு எவ்வளவு விடும்? இந்தக் கேள்வி அரசியலுக்குள் நுழைந்தது டொபாகோ தீவில். கரீபியன் கடலில் உள்ள அத்தீவு 1763இல் பிரித்தானியர் கைக்கு வந்து, கரும்புக்காகத் துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஹேல்ஸின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் சோம் ஜெனின்ஸ், தீவின் நடுமலைக் காட்டை வெட்டாமல் விடவேண்டும் என்று 11 ஆண்டுகள் வாதாடினார். 1776இல் சட்டம் வந்தது. மழையைப் பாதுகாப்பதற்காகக் காடு ஒதுக்கப்படுகிறது என்று வெளிப்படையாகவே சொன்ன சட்டம் அது. அடிமைகளைக் கொண்டு கரும்பு வளர்த்த அதே ஆட்சி, மழைக்குக் காவல் போட்டது என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்கவேண்டும்.

அந்த எண்ணம் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1830களுக்குப் பின் கண்டி மலைகளில் கோப்பிக்காகக் காடு வெட்டிய வேகம், ஆங்கிலேயரையே கலங்கவைத்தது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழர்களின் கைகளே கோப்பித் தோட்டங்களை உருவாக்கின. 1873இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடக்கூடாது என்று ஆலோசனை கூறினார். இலங்கை அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஹோட்டன் சமவெளி இன்றும் காடாக இருப்பதற்கு அந்த ஆலோசனை ஒரு முக்கிய காரணம். ஆனால் அந்தக் கோடு எங்கும் ஒரேமாதிரி காக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றி அதற்கு மேலேயும் தேயிலை ஏறி நிற்பதை அங்கு போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

20ஆம் நூற்றாண்டில் வானிலையாளர் பலர் இந்த நம்பிக்கையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தனர். மழை பெய்யும் இடத்தில் காடு வளர்கிறது. காடு வளர்ந்த இடத்தில் மழை பெய்கிறது என்று தலைகீழாகச் சொல்வதா என்று கேட்டனர். எனக்குக் கடிதம் எழுதியவரும் அந்த மரபினரே. நியாயமான கேள்விதான். ஆவியாகிப் போன நீருக்கு முகவரி ஏது? மழையாக விழும் துளி கடலிலிருந்து வந்ததா, இலையிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தவர் பிரேசில் நாட்டு எனேயாஸ் சலாட்டி. நீரில் உள்ள ஒட்சிசனில் சாதாரணமானதும் உண்டு, சற்றுக் கனமான சமதானியும் உண்டு. மேகம் மழையாகும்போது கனமானது முந்தி விழுந்துவிடும். ஆகவே கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குள் போகப் போக, மழைநீர் படிப்படியாக இலேசாகவேண்டும். அத்திலாந்திக் கரையிலிருந்து அந்தீஸ் மலை நோக்கி அமேசன் படுகையில் சேகரித்த மழைநீரைச் சோதித்தபோது, அது எதிர்பார்த்த அளவுக்கு இலேசாகவில்லை. காரணம் காடு. வேர் உறிஞ்சிய மழைநீரை அதன் கனம் மாறாமலே இலைகள் திருப்பி விட்டன. மேகம் இழந்ததை அவை மீண்டும் நிரப்பின. 1979இல் இந்த ஆய்வு வெளியானது. அமேசன் மழையில் ஏறத்தாழப் பாதி, காடே திருப்பி அனுப்பிய நீர் என்று சலாட்டியும் குழுவினரும் மதிப்பிட்டனர். பின்வந்த ஆய்வுகள் சில அதை 25 முதல் 35 சதவீதம் வரை குறைத்தன. எப்படியிருப்பினும், காடு வெறும் பார்வையாளர் அல்ல என்பது உறுதியாயிற்று.

காபனின் கதையும் இதே வாசலில்தான் தொடங்குகிறது. தமிழகத்தார் கரியமிலவாயு என்று சொல்லும் காபனீரொட்சைட்டை எடுப்பதற்கு இலை தன் நுண்துளைகளைத் திறக்கவேண்டும். திறந்தால் நீர் வெளியேறும். ஒரு மூலக்கூறு காபனீரொட்சைட்டுக்கு விலையாக நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை மரம் கொடுக்கிறது. வறட்சி வந்தால் துளைகளை மூடிக்கொள்ளும். காபன் கொள்வனவும் நின்றுபோகும். பிரேசில் ஆய்வாளர் லூசியானா காட்டியும் குழுவினரும் 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களில் பறந்து, அமேசனின் நான்கு இடங்களில் காற்றைப் புட்டிகளில் பிடித்து அளந்தனர். காடழிப்பும் வெப்பமும் கூடிய தென்கிழக்கு அமேசன், எடுப்பதைவிட அதிகம் காபனை வெளிவிடுகிறது என்று 2021இல் அறிவித்தனர். எரிக்கப்பட்ட மரங்களின் புகைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இனி, அந்தப் பொறியியலாளருக்கு நான் எழுதாத பதில். அவர் சொன்னது பெருமளவு சரி. அமேசனில் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் காட்டின் மேல் பயணம் செய்கிறது. நமது தீவையோ பருவக்காற்று சில மணி நேரத்தில் கடந்துவிடும். எங்கள் காடு எங்கள் மழையில் பெரும்பங்கை உண்டாக்குகிறது என்று நான் எழுதியிருக்கக்கூடாது. ஆனால் அவர் கேட்காத ஒன்றும் உண்டு. ஹோட்டன் சமவெளியில், பாசி போர்த்த குட்டை மரங்கள் மூடுபனியை இலைகளால் வடித்து நிலத்தில் சொட்டவிடுகின்றன. திறந்த வெளியில் வைத்த மழைமானியில் அந்த நீர் பதிவாகாது. காட்டு மண் அதைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் மெல்ல விடுகிறது. அந்தக் காட்டில் பல பத்தாண்டுகளாக மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து மடிகின்றன என்பது தனியாக எழுதவேண்டிய விடயம்.

அன்று அந்தக் கட்டுரைக்காகத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். லயத்துக்குக் கீழே, மலைநீர் மூங்கில் வழியாகக் கொட்டும் பீலி இருந்த இடத்தைக் காட்டினார். மேலே இருந்த சோலையை வெட்டித் தேயிலை வைத்தபின் மாசியிலேயே பீலி நின்றுவிடுகிறதாம். மழை குறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மழை எங்கய்யா கொறஞ்சிச்சு? பேயிது, அப்பிடியே ஓடிப் போயிருது. புடிச்சு வைக்கத்தான் ஒண்ணும் இல்ல."

இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கட்டுரையில் சேர்க்கவில்லை. மழை குறைந்துவிட்டது என்ற என் வாதத்துக்கு அது இடைஞ்சலாக இருந்தது.