நூறு புள்ளி ஆட்டம் (1962)

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் சரித்திரத்தில், ஒரே ஆட்டத்தில் தனியொரு வீரர் ஈட்டிய புள்ளிகளின் உச்சமென விளங்கும் இச்சாதனை, பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லினுக்கு உரியது. 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரில், நியூயார்க் நிக்ஸ் அணியை 169–147 என்ற கணக்கில் வாரியர்ஸ் வென்றபோது, ஆட்டப்போக்கில் 36 கூடைகளும், எதிரணியின் தவறுகளுக்காகக் கிடைத்த தனி எறிகளில் 28 கூடைகளுமாக அவர் சரியாக 100 புள்ளிகளைப் பூர்த்தி செய்தார். தனி எறியில் பலவீனர் என்றே பிரசித்தி பெற்றிருந்த அவர், அன்று 32 வாய்ப்புகளில் நான்கை மட்டுமே தவறவிட்டது விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. மூன்று புள்ளி எறி விதி அச்சங்கத்தில் 1979இல்தான் அமலுக்கு வந்ததாதலால், இப்புள்ளிகளை அவர் அதன் சகாயமின்றியே ஈட்டினார். அப்பருவத்தில் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் என்ற அவரது சராசரியும் இன்றளவும் ஒப்பற்ற சாதனையாகவே நிலைபெற்றுள்ளது.