பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின்: மாற்றுவதா, திருத்துவதா?

புத்தளம் கரையோரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை உழைப்புக்காகவே வைத்திருக்கிறார்கள். எழுவன்குளம் வாசலால் வில்பத்துவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது, கற்பிட்டி மணலில் வலையும் மீன்பெட்டியும் கொண்டுவருவது, தோட்டத்து மரக்கறி மூட்டைகளைத் தார் வீதிவரை சேர்ப்பது என்று அதற்கு நாளாந்தம் வேலை இருக்கிறது. யுத்தத்தால் மூடப்பட்டிருந்த வில்பத்து 2010 இல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு இந்த ஓட்டங்களுக்குத் தேவை கூடியது.

வாகனங்களோ வயதானவை. லாண்ட்றோவர் சீரிஸ் 3 இன் தயாரிப்பு 1985 இல் நின்றுவிட்டது. 4டீஆர்5 என்று எஞ்சின் பெயராலேயே அழைக்கப்படும் மிட்சுபிஷி ஜீப்புகளும் பழையவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்தாலும், வரியோடு சேர்ந்த விலை சாதாரண உழைப்பாளிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எனவே பழைய எஞ்சின் புகை கக்கத் தொடங்கியதும், "வேறு எஞ்சினைப் போட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடுமே" என்ற யோசனை வருகிறது.

அந்த யோசனை சில வேளை சரி, பல வேளை பிழை. எஞ்சினைப் பற்றிய கேள்வியைக் கடைசியாகக் கேட்டால்தான் எது சரி என்று தெரியும்.

முதலில் சேஸிஸ்

கடற்கரையில் ஓடும் ஜீப்பை முதலில் கொல்வது உப்பு. லாண்ட்றோவரின் வெளி உடல் அலுமினியக் கலவை. அது துருப்பிடிக்காது என்பதால் வண்டி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கீழே இருக்கும் சேஸிஸ் இரும்பு. பெட்டி வடிவான அதன் உட்பக்கத்தில் உப்பு மணலும் ஈரமும் தங்கி, உள்ளேயிருந்து வெளியே அரிக்கும்.

வண்டியை உயர்த்தி, பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் பட்டைகள் பிடிக்கும் இடங்கள், கால்வைக்கும் தகடு ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், அல்லது சுத்தியல் உள்ளே போகும். சேஸிஸ் போய்விட்ட வண்டிக்குப் புது எஞ்சின் போடுவது, அத்திவாரம் இறங்கிய வீட்டுக்கு ஓடு மாற்றுவது போலத்தான். கையில் இருக்கும் காசு முதலில் சேஸிஸுக்குப் போகட்டும்.

இரண்டாவது, பத்திரம்

வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை, எஞ்சின் கொள்ளளவு ஆகியவை பதியப்பட்டுள்ளன. எஞ்சினை மாற்றினால் இந்த விபரங்கள் பொருந்தாமல் போகும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியாவிட்டால் விற்பனை, காப்புறுதி, லீசிங் எல்லாவற்றிலும் சிக்கல் வரும். விபத்தொன்று நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதற் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

நமது மக்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் கனமானது. இடப்பெயர்வுகளில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். கைமாறிக் கைமாறி வந்த வண்டியை "ஓபன் பேப்பரில்" வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமலே வருடக்கணக்காக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பதிவில் உள்ள உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம், உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அப்படியான வண்டியில் எஞ்சினை மாற்றினால், ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் உரிமை இன்னும் பலவீனப்படும். முதலில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்பே திணைக்களத்தில் நடைமுறையைக் கேளுங்கள். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும், இறக்குமதியானது என்றால் சுங்க ஆவணத்தின் பிரதியையும் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எஞ்சினுக்கு உண்மையில் என்ன வருத்தம்?

இழுவை குறைந்தால் எஞ்சின் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. டீசலில் கறுப்புப் புகை வந்தால் காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டீசல் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், தண்ணீரும் குறைந்தால், ஹெட் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலப் புகையும் எண்ணெய்ச் செலவும் வந்தால் ரிங், வால்வு பக்கம் தேய்மானம் இருக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொம்பிரஷன் பரிசோதனை செய்து, சூடான நிலையில் எண்ணெய் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் திருத்தலாம். எல்லாம் குறைந்து எண்ணெய் அழுத்தமும் விழுந்திருந்தால் முழுத் திருத்தம் வேண்டும். சிலிண்டரைக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தேய்த்து, புது பெயரிங் போடுவது இலங்கையின் லேத் பட்டறைகளுக்குப் பழகிய வேலை. புளொக் வெடித்திருந்தால், அல்லது உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையிலும் கிடைக்கவில்லை என்றால், அப்போதுதான் மாற்றும் பேச்சு உண்மையில் தொடங்குகிறது.

மண்ணெண்ணெய்க் காலம் சொல்லித்தந்தது

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கொம்பிரஷன் குறைந்த, காபரேற்றர் பூட்டிய எளிய எஞ்சின்கள் என்பதால் அது முடிந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்ததால் தேய்மானமும் வந்தது. ஆனால் தேய்ந்ததை ஊர்க் கராஜிலேயே திருத்த முடிந்தது.

எனவே எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கொழும்புக்குப் போகாமல் இதைத் திருத்தக்கூடியவர் பக்கத்தில் இருக்கிறாரா? கணினியால் இயங்கும் கொமன் ரெயில் டீசல் எஞ்சின் சிக்கனமானதுதான். ஆனால் உப்புக் காற்றில் வயர் இணைப்புகள் பச்சை பிடித்தால் அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். சாதாரண டீசல் பம்ப் உள்ள எஞ்சின் இந்தக் கரைக்குப் பொருத்தமானது.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. திருத்திய பழைய பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு 6 கிலோமீற்றர், மாற்றும் டீசல் எஞ்சின் 10 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். திருத்துவதைவிட மாற்றுவதற்கு 6 இலட்சம் ரூபா கூடச் செலவாகிறது. எரிபொருள் லீற்றர் 300 ரூபா.

மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 40 லீற்றர், அதாவது 12,000 ரூபா மிச்சம். போட்ட காசு திரும்ப 50 மாதம் வேண்டும். மாதம் 2,400 கிலோமீற்றர் ஓடினால் 48,000 ரூபா மிச்சம். பன்னிரண்டரை மாதத்தில் காசு திரும்பும். வண்டியும் எஞ்சினும் ஒன்றுதான், ஓட்டத்தைப் பொறுத்து விடை மாறுகிறது.

டீசல் விலை குறைவு என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 2021 டிசம்பரில் பெற்றோல் 92 லீற்றர் 177 ரூபா, டீசல் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. 56 ரூபா இடைவெளி ஆறு மாதத்தில் 10 ரூபாவானது.

எஞ்சினோடு சேர்ந்து வரும் செலவுகள்

சீரிஸ் லாண்ட்றோவரின் 2286 சீசீ டீசல் எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 140 நியூட்டன் மீற்றர். அதற்குப் பதிலாக உலகெங்கும் பலர் பொருத்தும் 200 டீடீஐ எஞ்சினுக்கு அது சுமார் 264. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய கியர்பொக்ஸும் பின் அச்சும் அந்தப் பலத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மணலில் புதைந்த வண்டியை அவசரமாக மிதித்து எடுக்கும்போது அச்சு முறியும். டிரம் பிரேக்கும் பழைய வேகத்துக்கே போதுமானது. கம்பனி வேறு என்றால் கியர்பொக்ஸோடு இணைக்கும் தகடு, எஞ்சின் தாங்கி, றேடியேற்றர், புகைக்குழாய் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். மணலில் மெதுவாக, கூடிய சுற்றில் ஓடும் வண்டிக்குச் சிறிய றேடியேற்றர் போதாது. கராஜில் விலை பேசும்போது இவை அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

முடிவு

சேஸிஸ் உறுதி, பத்திரம் உங்கள் பெயரில், நாளாந்த ஓட்டம் உண்டு, பழைய எஞ்சினுக்குப் பாகம் கிடைக்கவில்லை: இந்த நான்கும் சேர்ந்தால் மாற்றுங்கள். அதே கம்பனியின் எஞ்சின், அல்லது பலத்தில் நெருங்கிய எஞ்சின் என்றால் நல்லது. ஓட்டம் குறைவு, பாகம் கிடைக்கிறது என்றால் இருப்பதைத் திருத்துங்கள். சேஸிஸ் போயிருந்தால், பத்திரம் சிக்கலில் இருந்தால், எஞ்சினுக்கு ஒரு ரூபாவும் செலவழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மறுபடி தொடங்கிய குடும்பத்துக்கு, வாசலில் நிற்கும் ஜீப் ஒரு காணித் துண்டுக்குச் சமம். காணி வாங்கும்போது உறுதியையும் எல்லையையும் பார்ப்பது போல, எஞ்சினுக்குக் காசு எண்ணும் முன் பத்திரத்தையும் சேஸிஸையும் பாருங்கள்.