வலவனற்ற தேரும் ஆராய்ச்சி மணியும்

தானே ஓடும் மகிழுந்துகளைப் பற்றிப் பேச்சு எழும் அவைகளில், 'இதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்றொரு குரல் தவறாமல் ஒலிக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவது புறநானூற்றின் 27ஆம் பாடல். பாடியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். பாடப்பெற்றவன் சோழன் நலங்கிள்ளி. உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி என்பதால், நம் ஊராருக்கு இதில் பெருமிதம் சற்றுக் கூடுதல்.

பாடலை நிதானமாகப் படிப்போம். புலவர் பாடும் புகழுடையோர், தாம் செய்ய வேண்டிய வினைகளை முடித்தபின், வலவன் செலுத்தாத வானவூர்தியை எய்துவர் என்று தாம் கேள்விப்பட்டதாகவே சாத்தனார் கூறுகிறார். அஃது உயிர் நீத்தோர் ஏறும் ஊர்தி. அது செல்லும் வழியில் குறுக்கே வருவார் எவருமிலர்.

மண்ணில் ஓடும் தேரின் கதை வேறு. அகநானூற்றின் 4ஆம் பாடலில், தாதுண்ணும் வண்டுகள் வெருவுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான் தலைவன். பெரியபுராணம் கூறும் திருவாரூர்க் கதையிலோ, துள்ளி வந்த கன்று இளவரசனின் தேர்க்காலில் சிக்கி மாய்கிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. ஆயினும் தாய்ப்பசு அசைத்த மணிக்கு மனுநீதிச்சோழன் விடை சொல்ல வேண்டியிருந்தது. அமைச்சர்கள் எடுத்துரைத்த கழுவாயை அவன் ஏற்கவில்லை.

திருவரங்கத்துச் சித்திரைத் தேரை நோக்குவோம். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர், ஆரவாரமும் அவர்களுடையதே. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலரின் கண்ணும் கையுமே. இன்று முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டுமே பொருள் கொள்கிறோம். அது காப்பு என்பதை மறந்தோம். திருவாரூர் ஆழித்தேருக்கு நீரியல் தடைக்கருவி பொருத்தித் தந்தது திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம். புதுக்கருவி பழந்தேருக்குப் பகையன்று என்பதற்கு இதுவே சான்று.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை ஊர்தியொன்று மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதிக் கொன்றது. கருவி அவரைக் கண்டது. இன்னதெனத் தெளியாமல் தடுமாறியது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. இருக்கையில் கண்காணிப்பாளராக அமர்ந்திருந்தவர்க்கு 2023இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆர்வலர் கூற்றிலும் நியாயமுண்டு. கருவி மது அருந்தாது, உறங்காது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவருள் 17,884 பேர் தமிழகத்தில் இறந்தவர். மனித வலவரின் பெருமை பேச இவ்வெண்கள் இடம் தரவில்லை. வேலையிழப்பைக் காரணங்காட்டி, ஓட்டுநரற்ற ஊர்திகளை அனுமதிக்க இயலாதென 2017இல் நடுவண் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். வேலையிழப்பு மெய்யான கவலையே. எனினும், அதனினும் மூத்த கேள்வி ஒன்றுண்டு: கன்று மாய்ந்தால், மணியோசைக்கு விடை சொல்பவர் யார்? ஊர்தியைச் செய்தவரா, அதற்கு அறிவூட்டியவரா, வாங்கி ஓடவிட்டவரா?

இதற்கு விடை எழுதப்படும் வரை, வலவனற்ற ஊர்தியைச் சாத்தனார் விட்ட இடத்திலேயே, வானத்திலேயே விட்டுவைப்பது நன்று.