ஆறவைத்த வகுப்பும் கைதூக்கிய வகுப்பும்: கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளில் ஓர் அறிமுகப் பாடத்தின் வரலாறு

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றி ஆராயப் புகுவோர் எவரும் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960-இல் வெளியிட்ட கட்டுரையையும், அதே ஆண்டில் வந்த 'தி ஓப்பன் டோர் காலேஜ்' என்ற அவருடைய நூலையும் தாண்டிச் செல்ல இயலாது. சான் ஹோசே நகரத்து இரண்டாண்டுக் கல்லூரியை நேரில் ஆராய்ந்த அவர், இத்தகைய கல்லூரிகளில் சேரும் மாணாக்கருள் மூன்றில் இரு பங்கினர் நான்காண்டுப் பட்டத்தை நாடி வருவதையும், மூன்றில் ஒரு பங்கினரே சர்வகலாசாலைக்கு மாறிச் செல்வதையும் கண்டு, இடையில் நின்றுவிடும் ஒரு பங்கினரின் ஆசையை மனம் நோகாவண்ணம் ஆறவைத்து வேறு வழியில் திருப்பிவிடுவதே கல்லூரியின் மறைமுகமான தொழில் என்று ஒரு சித்தாந்தத்தை நிறுவினார். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1952-இல், மோசடிக்காரரிடம் பணம் இழந்தவனைத் தேற்றி அனுப்பும் உபாயத்தைக் குறித்து எழுதியதே இதற்கு மூலம். கிளார்க்கின் கூரிய பார்வையில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அவர் கண்ட காட்சியிலிருந்து அவர் செய்த அனுமானம் முழுவதும் பெறப்படும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கிளார்க் அந்தத் திருப்பிவிடுதலைப் படிப்படியாக விவரிக்கிறார்: நுழைவுக்கு முன் ஒரு தேர்வு, பின் ஆலோசகருடன் நேர்காணல், அதன்பின் ஓர் அறிமுக வகுப்பு, தேர்ச்சி குறைந்தோர்க்கு எச்சரிக்கைக் கடிதங்கள், முடிவில் எச்சரிக்கைப் பட்டியல். பின்வந்தோர் பெரும்பாலும் முதற் படியையும் கடைசிப் படியையும் பற்றியே வாதிட்டிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் அந்த வகுப்பை ஊன்றி நோக்கியவர் குறைவு. 'மனோதத்துவம் 5' என்று எண்ணிடப்பட்ட அது, புதிதாகச் சேர்ந்தோர்க்குக் கட்டாயம். அதனை நடத்தியவர்கள் பேராசிரியர்கள் அல்லர், கல்லூரியின் ஆலோசகர்களே. தம் திறமையையும் விருப்பத்தையும் தாமே மதிப்பிட்டு, அம்மதிப்பீட்டுக்கு ஏற்பத் தொழிலையும் படிப்பையும் தேர்ந்துகொள்ள மாணாக்கரைப் பயிற்றுவதே அதன் நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கட்டாயம், ஆலோசகர், சுயமதிப்பீடு என்ற இம்மூன்றையும் வாசகர் நினைவில் இருத்துவாராக.

ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில், ராஞ்சோ குக்கமோங்காவிலுள்ள சேஃபி கல்லூரியில், 'ஓப்பனிங் டோர்ஸ்' என்ற திட்டத்தின் கீழ் இம்மூன்றும் படிப்படியாக மீண்டும் ஒன்றுகூடின. மதிப்பெண் சராசரி 2.0-க்குக் கீழே தாழ்ந்தோ, எடுத்த பாடங்களை முடிக்காமலோ எச்சரிக்கைப் பட்டியலில் விழுந்தவர்களே அங்கே மாணாக்கர், ஆலோசகரே போதகர், படிக்கும் முறையும், காலத்தைப் பகுத்துச் செலவிடும் பழக்கமும், தன்னைத் தானே நிர்வகிக்கும் மனப்பாங்கும் பாடப்பொருள். கிளார்க் ஆசையை அடக்கும் கடைசிப் படியாகக் கண்ட அதே பட்டியல், இங்கே மாணாக்கனைக் கைதூக்கிவிடும் முதற் படியாகிவிட்டது.

இதில் நான் விசேஷமாகக் கவனிக்க விரும்புவது, திட்டத்தின் இரு வடிவங்களுக்கிடையே நேர்ந்த ஒரு மாற்றத்தை. 2005-இல் நடந்த முதல் வடிவத்தில் அவ்வகுப்பு விருப்பப் பாடமாயிருந்தது. கணிதம், வாசிப்பு, எழுத்து ஆகியவற்றில் உதவும் பயிற்சி மையங்களுக்குச் செல்லவேண்டுமென்ற விதியும் ஏட்டளவில் நின்றது. வகுப்பில் சேர்ந்தவர் சற்றேறக்குறையப் பாதிப்பேர். சொல்லத்தக்க பலன் விளையவில்லை. மறு ஆண்டு விரிவாக்கப்பட்ட வடிவத்தில் வகுப்பு கட்டாயமென்று மாணாக்கரிடம் அறிவிக்கப்பட்டது, மையங்களுக்கு வருவது கண்காணிக்கப்பட்டது, ஒரு பருவம் இரண்டாயிற்று. குலுக்கல் முறையில் இரு தொகுதியாகப் பிரிக்கப்பட்ட 444 மாணாக்கருள், திட்டத்திற்குட்பட்டோரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் இரண்டு பருவங்களின் முடிவில் பட்டியலிலிருந்து வெளியேறினர். ஒப்பீட்டுத் தொகுதியில் ஏறத்தாழ 16 சதவீதத்தினரே வெளியேறினர். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இதனை 2009-இல் வெளியிட்டது.

ஆகவே கிளார்க்கின் கருத்துக்கு எதிராக நான் வற்புறுத்துவது இது: ஆறவைக்கும் குணம் அந்த வகுப்பின் இயல்பன்று. ஒரே மாநிலத்தில், ஒரே விதமான ஆலோசகரின் கையில், ஒரே விதமான கட்டாயத்துடன் நடந்த பாடம் ஓரிடத்தில் கீழ்நோக்கித் திருப்பியதென்றும் மற்றோரிடத்தில் மேல்நோக்கித் தூக்கியதென்றும் கொண்டால், திசையை நிர்ணயித்தது அந்தப் பாடம் எதனோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதேயாகும். அன்றியும், கிளார்க்குக்கு ஒப்பீட்டுத் தொகுதி இல்லை. 'மனோதத்துவம் 5'-ஐப் பயிலாத சான் ஹோசே மாணாக்கன் எத்தனை தூரம் போயிருப்பான் என்பதை அறிய அவரிடம் வழியில்லை; மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்ற இரு பின்னங்களின் இடைவெளியை முழுவதும் கல்லூரியின் செயலாகவே அவர் கணக்கிட்டுவிட்டார். வறுமையும், வேலையும், குடும்பப் பாரமும் தாமே அந்த இடைவெளியின் பெரும்பகுதியை உண்டாக்கியிருக்கக் கூடுமல்லவா? 1980-இல் தம் கருத்தை மறுபார்வை செய்தபோதும் அவர் அதன் அடிப்படையைக் கைவிடவில்லை. சான் ஹோசேயில் எதிர்த்தொகுதி இல்லாமையால் என் வாதமும் அவ்வூரைப் பொறுத்தவரை ஊகமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டு ஊகங்களுள் பரிசோதனைக்கு ஆட்பட்ட கல்லூரியொன்றின் சான்று என் பக்கத்தில் இருக்கிறது.

ஆறவைத்தலிலிருந்து கைதூக்கிவிடுதலுக்கு நேர்ந்த இத்திருப்பம் எப்போது நிகழ்ந்ததென்று ஓர் ஆண்டைச் சுட்டிக் கூறுதல் பிழையாகும். 1970-இல் எழுந்த மாணவர் கிளர்ச்சிக்குப் பின் தென் கரோலினா சர்வகலாசாலை 1972-இல் தொடங்கிய 'யுனிவர்சிட்டி 101' என்ற பாடத்தைச் சிலர் பிறப்பிடமாகக் கொள்வர். ஆனால் அது நான்காண்டுச் சர்வகலாசாலையின் பிரச்சினைக்குப் பிறந்த விடை. சமுதாயக் கல்லூரியில் பழைய பாடமும் புதிய பாடமும் நெடுங்காலம் ஒரே பெயரில் ஒருங்கே வாழ்ந்திருக்க வேண்டுமென்று கருதுகிறேன்.

எனினும் புதிய பாடத்தின் பக்தர்களும் மகிழ்வதற்கில்லை. வட கரோலினாவின் கில்ஃபோர்ட் தொழில்நுட்பச் சமுதாயக் கல்லூரியில் இத்தகைய வெற்றிப் பழக்கப் பாடமொன்று 911 மாணாக்கரிடையே இதே குலுக்கல் முறையில் பரிசோதிக்கப்பட்டு, 2012-இல் முடிவு வெளியாயிற்று: தன்னறிவும், தன்னை ஆளும் திறமும், பிறரோடு இணைந்து செயற்படும் மனமும் வளர்ந்தன, முதலில் சேர்ந்த அணியினரிடம் காணப்பட்ட கல்வி முன்னேற்றம் நீங்கலாக, மொத்தத்தில் மதிப்பெண்ணும் தேர்ச்சியும் அசையவில்லை. மனப்பழக்கம் மாறியும் கல்வி மாறவில்லையெனின், பாடத்தால் மட்டும் மாணாக்கன் உயர்வான் என்போர் கூற்றும், அப்பாடம் போன்ற படிகளால் அவன் தாழ்ந்தான் என்ற கிளார்க்கின் கூற்றும் ஒருங்கே நலிகின்றன. சேஃபியிலும், 2011-இல் வந்த நான்காண்டு அறிக்கையின்படி, இரண்டு பருவங்களில் பெற்ற நன்மை காலப்போக்கில் கரைந்துபோயிற்று. கிளார்க்கின் மாணவர் இதைக் கண்டு, ஆறவைத்தல் சிறிது தாமதித்தது, அவ்வளவே என்று கூறலாம். நான் அதை ஏற்கவில்லை; திட்டம் நின்றபின் பயன் குறைந்தது என்பது திட்டம் பயனற்றது என்பதற்குச் சான்றாகாது.

பாடம் எதனோடு பிணைக்கப்படுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டத்தில், இதே வகையான இலக்கு வகுக்கும் வகுப்பு இருந்தது; ஆனால் அதனுடன் கட்டணச் சலுகையும், பாடநூல்களும், பேருந்துக்கும் ரயிலுக்குமான பயணச் சீட்டும், தனிப் பயிற்சியும், இடைவிடாத ஆலோசனையும் மூன்றாண்டுகள் சேர்ந்து வந்தன. 896 மாணாக்கரிடையே நடந்த சோதனையில், மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றோர் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாயினர். வகுப்பை மட்டும் தனியே பிரித்து அளந்து, அது உதவிற்று அல்லது உதவவில்லை என்று தீர்ப்பளிக்கும் மதிப்பீடுகள் இனி நமக்குப் போதா. எச்சரிக்கைப் பட்டியலில் விழுந்த மாணாக்கனுக்கு எதனை, எத்தனை ஆண்டு, யார் கையால் கொடுத்தோம் என்பதையும் உடன் எழுதிவைக்கும் ஆய்வுகளையே கல்லூரிகள் கேட்டுப் பெறவேண்டும்.