உயிர்ச்சத்து கே ஊசி

உயிர்ச்சத்து கே ஊசி என்பது பிறந்த குழந்தைகளுக்குக் குருதிக்கசிவு நோய் வராமல் தடுக்கத் தொடைத் தசையில் போடப்படும் ஊசி மருந்து ஆகும். வழக்கமான அளவு 1 மில்லிகிராம். எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கு இதனினும் குறைவாகக் கொடுக்கப்படும்.

தேவை

குருதி உறைதலுக்கு வேண்டிய 2, 7, 9, 10 ஆகிய காரணிகளைக் கல்லீரல் முழுமையாக்குவதற்கு இவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. இது நச்சுக்கொடி வழியாகக் கருவுக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. தாய்ப்பாலிலும் குறைவாகவே உள்ளது. எனவே நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் சில வாரங்கள் கழித்து மூளையில் குருதிக்கசிவு ஏற்படக்கூடும்.

வரலாறு

கோழிக்குஞ்சுகளை ஆராய்ந்த டென்மார்க்கு அறிவியலாளர் என்றிக் டாம் இதனைக் கண்டறிந்தார். உறைதலைக் குறிக்கும் செருமானியச் சொல்லின் முதலெழுத்தே இதன் பெயராயிற்று. இதன் வேதியியல் இயல்பை ஆராய்ந்த எட்வர்டு டாய்சியும் அவரும் 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1961இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இதனைப் பரிந்துரைத்தது.

பக்க விளைவுகள்

* ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், சிவத்தல் ஆகியன ஏற்படலாம். இவை பெரும்பாலும் தாமே மறையும்.
* கடும் ஒவ்வாமை அரிதாக ஏற்படும். சிரைவழி செலுத்தும்போது இவ்வாபத்து மிகுதி, உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. ஆகவே சிரைவழி தேவைப்படும் நோயாளிகளுக்கு நிமிடத்திற்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாமல் மெதுவாகச் செலுத்தப்படுகிறது.
* 1950களில் மெனாடயோன் (கே3) என்னும் செயற்கை வடிவம் மிகை அளவில் கொடுக்கப்பட்டபோது, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைகளில், சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலையும் மூளைப் பாதிப்பும் உண்டாயின. இக்காலத்தில் குழந்தைகளுக்கு கே1 வடிவமே பயன்படுகிறது.

புற்றுநோய் குறித்த ஐயம்

1992இல் இங்கிலாந்தின் பிரிசுடல் நகரில் சீன் கோல்டிங்கு குழுவினர் வெளியிட்ட ஆய்வு, தசைவழி ஊசிக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. இதனால் பெற்றோரிடையே அச்சம் பரவியது. 1993இல் சுவீடனிலும் அமெரிக்காவிலும் வெளியான விரிவான ஆய்வுகளில் அத்தொடர்பு காணப்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தவில்லை.

எனினும், ஊசியை மறுக்கும் பெற்றோர் இன்றும் உள்ளனர். ஊசி போடாத குழந்தைகளுக்குப் பிந்திய வகைக் குருதிக்கசிவு ஏற்படும் வாய்ப்பு பன்மடங்கு மிகுதியாகும். வாய்வழி மருந்து சில நாடுகளில் வழக்கில் உள்ளது. ஆனால் அதனைப் பலமுறை கொடுக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் பாதுகாப்பு குறையும்.