எல்லையோரக் குரல்களும் ஃபிளாக் கோப்பும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை வந்தது. ஆனால் இசை ரசனை அதற்கு முன்பே ஒன்றாக வளர்ந்திருந்தது. 1943இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலியும், 1984இல் வந்த நாகர்கோவில் உள்ளூர் வானொலியும் எல்லையின் இருபுறமும் கேட்டன. இந்த மண் தந்த இரு பெரிய கர்நாடகக் குரல்கள் பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும். இப்படிப்பட்டவர்களின் பாட்டு இன்று வீடுகளில் சிடியாக இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்றும்போது எந்தக் கோப்பு வடிவத்தைத் தேர்வது என்ற கேள்விக்கு, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) என்பதே என் பதில். இசைப்பதிவின் வரலாறே அதற்குக் காரணம் சொல்கிறது.

இந்தியாவில் 1902இல் தொடங்கிய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் பாட முடியும். ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் விரியும் ஒரு கலைக்கு அந்த அளவு போதவே போதாது. கச்சேரியின் உயிரான பகுதிகளைச் சுருக்கித்தான் பாட வேண்டியிருந்தது. பொன்னம்மாள் பிறந்தது 1924இல். அவர் இளமைக் காலம் அந்தத் தட்டுகளின் காலம். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற பெயர் அவருக்கு வந்தது 2006இல், எண்பது வயதைக் கடந்த பிறகு. பத்மஸ்ரீ 2017இல். பாடகர் முழு வலிமையோடு இருந்த ஆண்டுகளும் பதிவுக் கருவி கைக்கெட்டிய ஆண்டுகளும் ஒத்துப்போகாத இடத்தில், கிடைக்கும் ஒவ்வொரு பதிவும் விலைமதிப்பற்றது. பின்னால் வந்த கேசட் நேரத்தை நீட்டித் தந்தது. ஆனால் பிரதிக்குப் பிரதி எடுக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடியது. 1982இல் விற்பனைக்கு வந்த சிடிதான், சாதாரண ரசிகரும் மூலத்துக்குச் சமமான பிரதியை எடுக்க முடியும் என்ற நிலையை உண்டாக்கியது. நாம் காப்பாற்ற வேண்டியது இந்தப் பண்பைத்தான்.

எம்பி3 அந்தப் பண்பைக் கைவிட்டது. அதன் காலத்தில் அது நியாயமான முடிவுதான். அன்று ஹார்டு டிஸ்கில் இடம் குறைவு. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருந்த ஒலி, 128 கிலோபிட் எம்பி3யில் பதினொன்றில் ஒரு பங்காகிறது. காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்ட பகுதிகளை அது வெட்டி எறிகிறது. மிருதங்கத்தின் கூர்மையான அடி விழும் இடத்தில், அடிக்கு முன்னாலேயே ஒரு மங்கலான சாயல் கேட்கக்கூடும். தம்புராவின் மேல் ஸ்வர அதிர்வுகள் மெலியக்கூடும். ஒரே ஓட்டமாகப் பாடிய ஆலாபனையையும் கிருதியையும் சிடியில் இரண்டு டிராக்குகளாகப் பிரித்திருந்தால், பழைய எம்பி3 கோப்புகளில் அவற்றின் நடுவே சின்ன மௌனமும் புகுந்துவிடும்.

உயர்ந்த பிட் அளவில் எடுத்தால் வேறுபாடே தெரியாது என்பார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அது பெரும்பாலும் உண்மை. பேருந்தில் போகும்போது கேட்க எம்பி3 தாராளமாகப் போதும். ஆனால் வீட்டில் வைக்கும் பிரதி, நாளை எடுக்கப்போகும் பிரதிகளுக்கெல்லாம் தாய். எம்பி3யை இன்னொரு சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் இழப்பின் மேல் இழப்பு சேரும். ஃபிளாக்கிலிருந்து எதையும் எத்தனை முறையும் எடுக்கலாம். பழைய நாடாவிலிருந்து போட்ட சிடியே இரைச்சலோடு இருக்க, அதற்கு எதற்கு இத்தனை கவனம் என்றும் கேட்கலாம். அந்தச் சிடிக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். இரைச்சல் கலந்த ஒலியை எம்பி3யாகச் சுருக்குவது கடினம். சுருக்கும்போது குரலும் சேர்ந்து கெடும். நாளை நல்ல மென்பொருளால் இரைச்சலை நீக்கவும் முழு ஒலி கையில் இருக்க வேண்டும். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பது பலவீனமான வாதம்: உரிமை கைமாறினால் பாட்டு அங்கிருந்து ஒரே நாளில் போய்விடும்.

டபிள்யூஏவி (WAV) கோப்பு வடிவமும் இழப்பில்லாததுதான். ஆனால் ஃபிளாக் அதில் ஏறத்தாழ பாதி இடத்தையே எடுக்கிறது. ஆயிரம் சிடி ஏற்றினாலும் ஒரு டெராபைட் டிஸ்கில் பாதி காலியாகவே இருக்கும். 2001 முதல் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வடிவம் அது. கோப்பு பின்னாளில் சிதைந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் அதற்குள்ளேயே இருக்கிறது. ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியக்காரர் என்று நாமே பிரிவுகள் அமைத்து, தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சேர்க்கலாம். சிடி உறையில் அச்சிட்டிருக்கும் வயலின், மிருதங்கக் கலைஞர்களின் பெயர்களை ஏற்றும்போதே கோப்பில் எழுதிவிட வேண்டும். உறை தொலைந்தபின் அவற்றை ஒலியிலிருந்து மீட்க வழியில்லை.